யோகா வகுப்பறையும் இடப்பெயர்வும்

பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டு வருடங்கள் மூத்தவரான ஆசிரியை ஒருவர், இலண்டனில் இருபது வருடங்களுக்கும் மேலாக வாழ்ந்துவிட்டு, ஓய்வுபெற்ற பின்னர் மகளோடு சேர்ந்திருப்பதற்காகக் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். புதிய ஊரில் மரக்கறிக் கடையையும் மருத்துவரையும் கோயிலையும் கண்டுபிடித்த பின்னர் அவர் தேடியது ஒரு யோகா வகுப்பை. முழங்கால் வலிக்காக இலண்டனில் தொடங்கிய பழக்கம் அது. மகள் இணையத்தில் பார்த்து, அருகிலுள்ள யோகா ஸ்ரூடியோ ஒன்றில் பெயரைப் பதிந்து கொடுத்தார். முதல் வகுப்பு இலவசம், பிடித்தால் தொடரலாம்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் ஊதுவத்தி மணம். மூலையில் ஒரு சிறிய நடராசர். கற்பித்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண். முடிவில் எல்லோரும் கைகூப்பி 'ஓம் சாந்தி' என்றார்களாம். தொலைபேசியில் இதையெல்லாம் விபரித்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, நான் போனது எங்கடை வீட்டுக்கோ, இல்லாட்டி ஆற்றையேன் வீட்டுக்கோ எண்டு எனக்கு விளங்கேல்லை."

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் பலர் இதையே வேறு வேறு சொற்களில் கேட்கக் கேட்டிருக்கிறேன். இதற்குத் தயாராக இரண்டு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. ஐயாயிரம் ஆண்டுப் பழைமையான எமது சொத்தை மேற்கத்தையர் களவாடிக் கடைவிரித்துவிட்டனர் என்பது ஒன்று. இன்று யோகா என்று வழங்குவது இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய உடற்பயிற்சியைப் பார்த்துப் புனைந்தது, அதற்கும் பழைமைக்கும் தொடர்பில்லை என்பது மற்றையது. இரண்டும் சோம்பேறித்தனமான பதில்கள் என்பதே என் கருத்து. ஆசனங்களின் வயதைப் பற்றிச் சண்டையிடுபவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்த முன்பின் அறியாத ஒருவர், கட்டணம் செலுத்தி, அந்நியர் பலரோடு ஓர் அறையில் பாய் விரித்து யோகம் பயிலலாம் என்ற ஏற்பாடு இருக்கிறதே, அந்த அறைக்கென்று ஒரு தனி வரலாறு உண்டு. அது நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட வரலாறு. அதை ஆக்கியவர்களில் பெரும்பாலானோர் ஊர்விட்டு ஊர் போனவர்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பெற்றோர் காலத்தில் 'யோகர்' என்றால் கொழும்புத்துறையில் இருந்த யோகர் சுவாமிகளைத்தான் குறிக்கும். 1964ஆம் ஆண்டு சமாதியடைந்த அவரிடம் போனவர்கள் தலைகீழாக நிற்கப் பழகப் போகவில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கிறது. அதிலும் ஆசனத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் சொற்பமே. மூச்சும் மனமும் பற்றியதே பெரும்பகுதி. ஆசனங்களை விரிவாகச் சொல்லும் நூல்களில் பலராலும் அறியப்பட்டது, பதினைந்தாம் நூற்றாண்டளவில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை. அந்நூல் யோகம் பயிலும் அறை எப்படி இருக்கவேண்டும் என்பதையே விதித்திருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி. சிறிய வாசல் ஒன்று, யன்னல் இல்லை, சாணத்தால் மெழுகிய தரை, பூச்சி புழு இல்லாத சுத்தம். அங்கே ஒருவன் தனியாக இருந்து பயிலவேண்டும். கற்றதை மறைவாக வைத்திருக்கவேண்டும். அந்த அறை இருக்கும் நாடு அறம் தவறாத நல்லாட்சி நடப்பதாகவும், உணவு தாராளமாகக் கிடைப்பதாகவும், தொல்லைகள் அற்றதாகவும் இருக்கவேண்டும் என்றும் சுவாத்மாராமர் சொல்கிறார். 'நல்லாட்சி' என்ற சொல் 2015இற்குப் பின்னர் எமது நாட்டில் பட்ட பாட்டை அறிந்த வாசகர்கள், இலங்கையில் ஒருவன் எங்கே போய் யோகம் பயில்வது என்று கேட்டால் என்னிடம் விடையில்லை.

தனியனுக்கான, யன்னல் இல்லாத அந்தக் குடிசை, கண்ணாடிச் சுவர் வைத்த பொது அறையாக மாறியது எப்படி?

முதற் படியை எடுத்து வைத்தவர் ஒரு குஜராத்தி இளைஞர். மால்சரில் பரமஹம்ச மாதவதாசரிடம் யோகம் கற்ற மணிபாய் தேசாய், பின்னாளில் ஸ்ரீ யோகேந்திரர் என்று அறியப்பட்டவர். அவர் துறவியாகவில்லை. 1918 டிசம்பரில் பம்பாயின் வெர்சோவாக் கடற்கரையில், தாதாபாய் நௌரோஜிக்குச் சொந்தமான இல்லத்தில் யோக நிலையம் ஒன்றைத் தொடங்கினார். வீடும் குடும்பமும் உத்தியோகமும் உள்ள சாதாரண மனிதன், துறவு பூணாமல், காலையில் வந்து கற்று மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பலாம் என்பதே அவரது புதுமை. இது இன்று சாதாரணமாகத் தோன்றும், அன்று அப்படியல்ல. அடுத்த ஆண்டே அவர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டு, நியூயோர்க் மாநிலத்தில் சில காலம் கற்பித்தார். அவர் நாடு திரும்பிய பின்னர் அந்த முயற்சி அங்கே வேரூன்றவில்லை. அதற்கு யோகம் காரணமில்லை. குடிவரவுச் சட்டமே காரணம். 1917இல் அமெரிக்கா ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைப் பிரதேசமாக்கியிருந்தது. 1923இல் இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆதலால் குடியுரிமை பெற முடியாது என்று அதன் உயர் நீதிமன்றம் பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. 1924ஆம் ஆண்டுச் சட்டம் மிச்சமிருந்த இடைவெளியையும் அடைத்தது. 1920இலேயே அங்கு போய்விட்ட பரமஹம்ச யோகானந்தர் லொஸ் ஏஞ்சலிஸில் தங்கிப் பெரும் இயக்கத்தைக் கட்டினார் என்பது உண்மை. ஆயினும் அவர் வழி தியானமும் தபாலில் அனுப்பும் பாடங்களுமாக இருந்தது. பாய் விரிக்கும் அறை வரவில்லை.

அந்த அறையின் கதை இப்போது மைசூருக்குப் போகிறது. 1888இல் பிறந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் வைணவ வேதாந்தத்திலும் சமஸ்கிருதத்திலும் பெரும் புலமை வாய்ந்தவர். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933 முதல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அவரது 'யோக மகரந்தம்' 1934இல் கன்னடத்தில் வந்து, பின்னர் தமிழிலும் வெளியானது. அந்த அரண்மனை வட்டாரத்தில் உடற்பயிற்சிக் கலைகளுக்கும் இடம் இருந்தது; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதேனும் தாவியிருக்கும் என்று நோர்மன் ஸ்யோமன் 1996இலும், மார்க் சிங்கிள்டன் 2010இலும் நூல்கள் எழுதினர். தாவியிருக்கலாம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்கு எடுத்துக்கொண்ட நாம் இதற்காகக் கோபப்படுவது பொருந்தாது.

அந்த யோகசாலைக்கு 1930களின் பிற்பகுதியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து தன்னைச் சேர்க்குமாறு கேட்டாள். ரிகா நகரில் 1899இல் பிறந்த யூஜீனி பீட்டர்சன். ரஷ்யப் புரட்சிக்குப் பின்னர் தாயோடு பெர்லினுக்கு ஓடியவர், நடிகை, 1927இல் இந்தியா வந்து, பம்பாயில் செக்கோஸ்லோவாக்கிய நாட்டு இராசதந்திரியான யான் ஸ்ட்ரகட்டியை மணந்தவர். இந்திரா தேவி என்பது அவர் சூட்டிக்கொண்ட பெயர். கிருஷ்ணமாச்சாரியார் மறுத்துவிட்டார். பெண், அதிலும் அந்நியப் பெண். மன்னர் தலையிட்டதனால் வேண்டாவெறுப்பாகச் சேர்த்துக்கொண்டு, உணவிலும் நேரத்திலும் கடுமையான விதிகளைப் போட்டார். அவள் தாக்குப்பிடித்தாள். கணவருக்கு ஷங்காய் நகருக்கு மாற்றம் வந்தபோது, மறுத்த அதே ஆசிரியர் அவளை அழைத்து, நீ போகும் இடத்தில் கற்பிக்கவேண்டும் என்று பணித்து, கற்பிக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தார்.

ஓர் உத்தியோக இடமாற்றம். உலகெங்கும் இன்றுள்ள யோகா ஸ்ரூடியோக்களின் வம்சாவளியை எழுதப் புகுபவர் இந்த இடமாற்றத்தைத் தாண்டிப் போக முடியாது. 1939இல் ஷங்காயில், சியாங் காய் ஷேக்கின் மனைவிக்குச் சொந்தமான இல்லத்தில் இந்திரா தேவியின் வகுப்பு தொடங்கியது. யுத்தம் முடிந்தது, கணவர் காலமானார். 1947இல் கலிபோர்னியா போய்ச் சேர்ந்த அவர் ஹொலிவூட்டின் சன்செட் புலவார்டில் ஸ்ரூடியோ திறந்தார். நடிகை குளோரியா சுவான்சன் அவரது மாணவி. அழகுசாதன வணிகத்தில் பெயர்பெற்ற எலிசபெத் ஆர்டன் தமது நிலையங்களில் யோகப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டார். தூக்கம், நரம்புத் தளர்ச்சி, இளமை என்ற சொற்களில்தான் இந்திரா தேவி பேசினார். மோட்சம் பற்றி அதிகம் பேசவில்லை.

அவர் ஏன் முந்திக்கொண்டார் என்பதற்கு அவரது ஆற்றல் மட்டும் காரணமில்லை. 1946இல் அமெரிக்கா தன் சட்டத்தைச் சற்றே தளர்த்தி, இந்தியர்க்கு ஆண்டுக்கு நூறு பேர் என்று ஒதுக்கீடு கொடுத்தது. முழு இந்தியாவுக்கும் நூறு பேர்! ஆசிரியர்கள் மைசூரிலும் சென்னையிலும் பூனாவிலும் இருந்தார்கள். வாசல் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. தோல் வெள்ளையாக இருந்த மாணவி உள்ளே போனாள். களவாடினார்கள் என்று சொல்லும் நண்பர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும். மேற்கின் யோகா அறைகளில் முன்னால் நின்றவர் ஏன் பெரும்பாலும் வெள்ளையராக இருந்தார் என்ற கேள்விக்கு விடையின் பெரும்பகுதி குடிவரவுத் திணைக்களத்தின் கோவைகளில் இருக்கிறது.

குருவும் அதே காலத்தில் பெயர்ந்தார். மன்னர் 1940இல் இறந்தார். சுதந்திரத்தோடு சமஸ்தானமும் போயிற்று. 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைத் தாண்டிய கிருஷ்ணமாச்சாரியார் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, புதிய ஊரில் அடியிலிருந்து தொடங்கினார். அரண்மனையில் சிறுவர்களை வரிசையாக நிறுத்திப் பயிற்றியவர், சென்னையில் நோயாளிகளுக்கும் முதியோருக்கும் ஒவ்வொருவராகக் கற்பித்தார். உடலுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்று என்ற கொள்கை அவரிடம் முழுமை பெற்றது அங்கேதான். 1989இல், நூறு வயதில் சென்னையிலேயே காலமானார்.

அவரது மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்காரின் கதையும் இதே வகை. 1937இல், பதினெட்டு வயதில், ஆறு மாதம் கற்பித்துவிட்டு வா என்று பூனாவுக்கு அனுப்பப்பட்டார். மராத்தி தெரியாது, ஆங்கிலம் அரைகுறை, மாணவர்களோ தம்மைவிட உடல் வலிமை மிக்க கல்லூரி இளைஞர்கள். அங்கேயே தங்கிப்போனார். 1952இல் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் அவரைச் சந்தித்ததும், பின்னர் ஐரோப்பாவுக்கு அழைத்ததும் பலரும் அறிந்தவை. அவ்வளவாக அறியப்படாதது இலண்டன் கல்வி அதிகாரசபையின் முடிவு. 1960களின் இறுதியில் அச்சபை தனது வளர்ந்தோர் மாலை வகுப்புகளில் ஐயங்கார் முறையைச் சேர்த்துக்கொண்டபோது ஒரு நிபந்தனை விதித்தது: ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் மட்டும், தத்துவம் கூடாது. மக்களின் வரிப்பணத்தில் சமயம் போதிக்க முடியாதல்லவா? அதனால் பள்ளிக்கூட மண்டபங்களில், குறைந்த கட்டணத்தில், இல்லத்தரசிகளும் எழுதுவினைஞர்களும் பஸ் ஓட்டுநர்களும் யோகம் பயின்றனர். 'ஓம்' இல்லை, ஊதுவத்தி இல்லை. அந்த அதிகாரசபை 1990இல் கலைக்கப்பட்ட பின்னரும் அந்த வழக்கம் ஆங்கிலேய மாலை வகுப்புகளில் நெடுநாள் நிலைத்தது. இலண்டனில் இருபது வருடம் பழகிய நமது ஆசிரியை கனடாவில் நடராசரைக் கண்டு திகைத்ததில் வியப்பில்லை. அவர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனதோடு, யோகா அறையின் ஒரு வம்சத்திலிருந்து இன்னொரு வம்சத்துக்கும் போயிருந்தார்.

அந்த மற்ற வம்சம் எங்களுக்கு மிக அண்மையானது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி, மருத்துவம் கற்று, மலாயாவின் தோட்டத் தொழிலாளர் மத்தியில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வைத்தியராகப் பணியாற்றினார். பின்னர் எல்லாவற்றையும் விட்டு ரிஷிகேசம் போய் சுவாமி சிவானந்தரானார். பத்தமடை கோரைப் பாய்க்குப் பெயர்போன ஊர் என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கில் எத்தனையோ ஆயிரம் பேர் தினமும் பாய் விரிக்கக் காரணமானவர் பாய் முடையும் ஊரில் பிறந்தவர். ஆனால் இன்று அவர்கள் விரிக்கும் ஒட்டும் பாயின் பூர்வீகம் பத்தமடையன்று. 1960களின் இறுதியில், ஜேர்மனியில் கற்பித்துக்கொண்டிருந்த அஞ்சலா ஃபார்மர் என்ற ஆங்கிலேய ஆசிரியை, தரைக்கம்பளம் வழுக்காதிருக்க அதன் அடியில் விரிக்கும் இறப்பர் விரிப்பை வெட்டிப் பயன்படுத்தியதிலிருந்து வந்தது அது.

சிவானந்தர் 1950இல் இந்தியாவெங்கும் சுற்றுப்பயணம் செய்தபோது இலங்கைக்கும் வந்தார். அதன் பின்னர் அவர் தமது சீடர் ஒருவரை இங்கு அனுப்பினார். கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த இராமசாமி. மணமுடித்து, இரு ஆண் பிள்ளைகளுக்குத் தந்தையாகி, இளவயதிலேயே மனைவியை இழந்தவர். பேரூர்க் கோயில் நிர்வாகத்தில் இருந்தவர். 1949இல் துறவு பெற்று சுவாமி சச்சிதானந்தரானவர். 1953இல் திருகோணமலைக்கு வந்த அவர், பின்னர் கண்டிக்கு நகர்ந்து தபோவனம் நடத்தினார். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் இலங்கையில் வாழ்ந்தார். மணிக்கூடு கட்டிய, தாமே கார் ஓட்டிய துறவி. பழைமைவாதிகளுக்கு அது உறுத்தியது. அவர் இங்கிருந்த ஆண்டுகள் எவை என்று பாருங்கள்: 1956இல் தனிச் சிங்களச் சட்டம், 1958இல் இனக் கலவரம். அக்காலத்தில் கண்டியில் ஒரு தமிழ்த் துறவி எல்லாச் சமயத்தவரையும் ஒரே மண்டபத்தில் இருத்தி வழிபாடு நடத்திக்கொண்டிருந்தார். எமது வரலாற்று நூல்கள் இதற்கு ஒரு வரி கூட ஒதுக்காதது என் நெடுநாள் குறை.

1966இல் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் கொன்ராட் ரூக்ஸின் அழைப்பில் சுவாமி பாரிஸ் போனார். அங்கே ரூக்ஸின் படப்பணியில் ஈடுபட்டிருந்த இளம் ஓவியர் பீட்டர் மாக்ஸ் அவரைக் கண்டு, நியூயோர்க்குக்கு வரும்படி கேட்டார். இந்த பீட்டர் மாக்ஸ் யார்? 1937இல் பெர்லினில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, மறு ஆண்டே பெற்றோரோடு நாஸிகளிடமிருந்து தப்பி, ஷங்காய் நகரில் பத்து வருடம் அகதிப் பிள்ளையாக வளர்ந்தவர். இந்திரா தேவி வகுப்பு நடத்திய அதே ஷங்காய், அதே ஆண்டுகள். இருவரும் சந்தித்ததாக எங்கும் பதிவில்லை. ஆனால் அமெரிக்க யோகா அறையின் இரண்டு கிளைகளும் யுத்தகாலத்து ஷங்காயைத் தொட்டுச் சென்றிருக்கின்றன என்பது ஒரு பத்திரிகைக்காரனின் கண்ணில் படாமல் போகாது.

ஓரிரு நாட்களுக்கென்று போன சுவாமி மாதக்கணக்கில் தங்கினார், பிறகு வருடக்கணக்கில். கதவும் அப்போது திறந்திருந்தது. 1965 ஒக்டோபரில் ஜோன்சன் கையெழுத்திட்ட புதிய குடிவரவுச் சட்டம், நாட்டினத்தின் பெயரால் இருந்த ஒதுக்கீடுகளை ஒழித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் யோகேந்திரருக்கு வாய்க்காதது சச்சிதானந்தருக்கு வாய்த்தது. முதலில் பீட்டர் மாக்ஸின் வீட்டில் கூடிய இளைஞர்கள், பின்னர் மன்ஹாட்டனின் வெஸ்ட் எண்ட் அவென்யூவில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தனர். ஒருங்கிணைந்த யோக நிலையம் என்று பெயரிட்டனர். 1970இல் மேற்குப் பதின்மூன்றாவது வீதியில் சொந்தக் கட்டடம் வந்தது. அது இன்றும் இயங்குகிறது. 1969 ஓகஸ்டில் வுட்ஸ்ரொக் இசைவிழாவின் முதல் நாள் மாலை, சுமார் நான்கு இலட்சம் பேர் திரண்ட அந்த விழாவின் மேடையில், காவி உடையில் அமர்ந்து அமைதி பற்றிப் பேசியவர் அவரே. அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர் பலர். அதில் இருப்பவர் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்வரை கண்டி வீதிகளில் நடமாடியவர் என்பதை அறிந்தவர் சிலர்.

வகுப்பின் வடிவத்தையும் கவனிக்கவேண்டும். சிறு ஸ்தோத்திரத்தோடு தொடக்கம், ஆசனங்கள், மல்லாந்து படுத்து உடலின் ஒவ்வோர் அங்கமாகத் தளர்த்தும் ஆழ்ந்த ஓய்வு, பிராணாயாமம், சிறிது தியானம், சாந்தி மந்திரம். இலண்டன் சபை வெட்டிவிட்டதை இவர்கள் வெட்டவில்லை. போர் எதிர்ப்பும் போதைப்பொருளும் மலிந்திருந்த தலைமுறைக்கு அந்தத் 'தத்துவம்' தேவைப்பட்டது. பாடகி கரோல் கிங் அவரிடம் கற்றார். ஜாஸ் இசைக் கலைஞர் அலிஸ் கோல்ட்ரேன் 1971இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு அவரது பெயரையே வைத்தார். மருத்துவர் டீன் ஓர்னிஷ் அவரிடம் கற்ற ஓய்வுப் பயிற்சியையும் உணவுமுறையையும் இருதய நோயாளிகளிடம் சோதித்து, 1990இல் 'லான்செட்' சஞ்சிகையில் முடிவுகளை வெளியிட்டார். யோகா அறையிலிருந்து வைத்தியசாலைக்குப் போன முக்கியமான பாதைகளில் அதுவும் ஒன்று.

பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்வது பத்திரிகைத் தொழிலுக்கு அழகன்று. 1991இல் முன்னாள் சிஷ்யைகள் சிலர், குரு என்ற நிலையைப் பயன்படுத்தித் தம்மிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டார் என்று அவர்மீது குற்றஞ்சாட்டினர். அவர் மறுத்தார், வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. அந்த யன்னலற்ற குடிசையின் இரகசியம் பொது அறைக்குள் வந்தபோது, குருவின் அதிகாரமும் கூடவே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரிய யோகா இயக்கங்கள் பலவற்றில் இதுபோன்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. முதல் நாள் புதிய ஸ்ரூடியோவுக்குப் போகும் பெண், தொட்டுத் திருத்தலாமா என்று ஆசிரியர் தன்னிடம் முதலில் கேட்கவேண்டும் என எதிர்பார்ப்பது இந்த வரலாற்றின் விளைவு, நல்ல விளைவு.

வணிகம் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. தம் ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கோரிய விக்ரம் சௌத்ரிக்கு எதிராக 2015இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யோகாசன வரிசை எவருக்கும் தனிச்சொத்தாகாது என்பது இப்போது சட்டம். 2020 கொரோனா முடக்கத்தில் சங்கிலி ஸ்ரூடியோக்கள் வங்குரோத்தாயின. வீட்டுக் கூடமே மீண்டும் யோகா அறையானது. அவ்வளவு போதும்.

சிவானந்தரின் இன்னொரு சீடர், கேரளத்தைச் சேர்ந்த விஷ்ணுதேவானந்தர், 1957இல் மேற்கே புறப்பட்டு மொன்றியலில் வந்து நின்றார். அங்கே நிலையம் அமைத்தார். 1960களின் தொடக்கத்தில் நகரத்துக்கு வடக்கே லோரன்ஷியன் மலைச்சரிவில், வால்மொரின் என்ற இடத்தில் யோக முகாம் ஒன்றையும் நிறுவினார். கியூபெக் மாநிலத்தின் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் விடுமுறையில் வந்து, கூடாரம் அடித்துத் தங்கி, சூரிய நமஸ்காரம் பழகிய இடம் அது. பன்னிரண்டு அடிப்படை ஆசனங்கள், மரக்கறி உணவு, விடியற்காலைத் தியானம். தமிழர் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

1983 ஜூலைக்குப் பின்னர் மொன்றியலுக்கு நம்மவர் வந்து சேர்ந்தனர். முதலில் சில நூறு, பிறகு ஆயிரக்கணக்கில். கோயில் கட்டப் பணமில்லாத காலம். தொழிற்சாலையும் உணவகமும் என்று இரண்டு வேலை பார்த்த காலம். மலைமேல் ஒரு சுவாமி இருக்கிறாராம், அங்கே வேல் இருக்கிறதாம் என்ற செய்தி பரவியது. வால்மொரினில் சுப்பிரமணிய ஐயப்பன் ஆலயம் எழுந்தது. இன்று கோடையில் நடக்கும் திருவிழாவுக்கு மொன்றியலிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பஸ் பஸ்ஸாகச் சனம் போகிறது. பறை முழங்க, பாற்குடமும் காவடியும் மலையேறுகின்றன. செடில் குத்தியவர்கள் ஆடியபடி போகிறார்கள். யோக ஆசிரியர் பயிற்சிக்கு வந்த வெள்ளைக்கார மாணவர்கள், மஞ்சள் மேற்சட்டையும் வெள்ளைக் காற்சட்டையுமாக, புல்வெளியின் ஓரத்தில் ஒதுங்கி வழிவிட்டு நிற்கிறார்கள். சிலர் தண்ணீர் கொடுக்கிறார்கள். பூசை முடிந்ததும் இரு சாராரும் ஒரே வரிசையில் நின்று அன்னதானம் வாங்குகிறார்கள்.